நாரையின் முழங்கால்

என் தங்கை கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தாள். வந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் நான் பல்லைக்கூட விளக்கவில்லை, போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, இங்க போவோம்."

போனில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது. பைக் செயின், பல்சக்கரம், தேய்ந்த பேரிங், ஓட்டை சைலன்சர் என்று பழைய இரும்பால் செய்த நாரை. இரண்டு ஆள் உயரம். மடக்கித் தூக்கியிருந்த அதன் இன்னொரு காலில் ஒரு பெண் தொங்கிக்கொண்டு சிரித்தாள்.

"அது எனக்குத் தெரியும்."

"பாத்திருக்கியா?"

"செஞ்சதே நான்தான்."

அடுப்படியிலிருந்து என் மனைவி, "ஆரம்பிச்சாச்சா? இன்னைக்கு முழுக்க அந்தக் கல்வெட்டுப் புராணம்தான்" என்றாள்.

அந்தப் புராணத்தை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

பேட்டையில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருக்கிறது. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி, வாழைத்தார் ஏற்றும் வண்டிக்குத் தொட்டி. இதுதான் என் தொழில். கலை எனக்குத் தெரியாது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே புதிதாக முளைத்த ஒரு புறநகரை அழகுபடுத்தப் போகிறோம் என்று கிளம்பினார்கள். சுவரெல்லாம் ஓவியம், பூங்காவில் சிலைகள், சுற்றிலும் தின்பண்டக் கடைகள். அதற்கு நாரை செய்ய சென்னையிலிருந்து ஒரு சிற்பி வந்தார். காகிதத்தில் படம் வரைவதும், எந்த இரும்பு எங்கே என்று விரலை நீட்டுவதும் அவர் வேலை. தூக்குவது, வளைப்பது, பற்றவைப்பது என் வேலை. நாற்பது நாள் கண் எரிய உட்கார்ந்தேன்.

காலில்தான் முதல் சண்டை. அவ்வளவு கனமும் ஒரே காலில் நிற்கவேண்டும். மூட்டில் நான்கு பக்கமும் முக்கோணமாக முட்டுத்தகடு வைத்துப் பற்றவைக்கலாம் என்றேன். "வேணாம் மாஸ்டர், அழகு போயிடும்" என்றார். சரி, தகடு வேண்டாம், மேல்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் முழங்காலை முழுச்சுற்றாகப் பற்றவைத்தால் தாங்கும், உள்ளே ஒரு முழ நீளத்துக்குக் குழாயும் செருகியிருக்கிறேன் என்று விட்டுவிட்டேன்.

அப்புறம் திறப்பு விழாவை நான்கு நாள் முன்னால் இழுத்துவிட்டார்கள். திறந்துவைக்க வரும் பெரிய மனிதருக்கு அன்றுதான் தோது. நாரையை லாரியில் கொண்டுபோய் நிறுத்தி, முழங்காலில் நான்கு டாக் மட்டும் அடித்தேன். டாக் என்றால் பொட்டு. குழாய் நகராமல் இருக்க நான்கு இடத்தில் பொட்டு வைத்துவிட்டு, பிறகு சுற்றிலும் பற்றவைக்க வேண்டும். அந்தப் பிறகுக்கு நேரம் இல்லை. பெயிண்டர்கள் வந்து அதன்மேல் பட்டி பூசி, தேய்த்து, சாம்பல் நிறம் அடித்துவிட்டார்கள். வெளியே பார்த்தால் ஒரே வார்ப்பில் வந்த கால் மாதிரி இருந்தது. விழா முடிந்து பட்டியைச் சுரண்டிவிட்டு முழுசாகப் பற்றவைத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

விழாவில் கல்வெட்டைத் திறந்தார்கள். திறந்துவைத்தவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், முன்னிலை வகித்தவர்கள் பெயர், சிற்பியின் பெயர். கல் நட்டவன் பெயர்கூட அடியில் பொடி எழுத்தில் இருந்தது. என் பெயர் இல்லை. மேடைப் பக்கம் போனேன், ஒரு ஆள் கையைக் குறுக்கே போட்டு, "லேபர்லாம் பின்னால நில்லுங்க" என்றான். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையோடு எட்டு மாதம் ஆகியிருந்தது.

மனைவிக்குக் கல்வெட்டுக் கதை தெரியும். டாக் கதை தெரியாது. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"நான் வரல, நீங்க போங்க" என்றேன்.

"உன் கையால செஞ்சத உன்கூட நின்னு பாக்கணும்னுதான கூப்பிடுதேன்" என்றாள் தங்கை. மனைவி, "அங்கன ஒரு மெஸ்ஸுல சொதிச் சாப்பாடு நல்லா இருக்காம். ஒரு ஞாயித்துக்கிழமையாவது எனக்கு அடுப்பு வேண்டாம்" என்றாள். இரண்டு பேர் சேர்ந்தால் நான் என்ன செய்ய? போனோம்.

பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே எனக்குக் கடுப்பு ஏறிவிட்டது. பெரிய சாக்கடைச் சுவர். அதில் தாமிரபரணியை வரைந்திருக்கிறார்கள். ஆற்றில் அன்னப்பறவைகள் நீந்துகின்றன. நான் பிறந்ததிலிருந்து அந்த ஆற்றில் குளிக்கிறேன். அமலைச் செடி மிதந்து பார்த்திருக்கிறேன், பழைய துணி மிதந்து பார்த்திருக்கிறேன். அன்னம் பார்த்ததில்லை. வரைந்த ஆற்றின் அடியில் ஒருவன் நின்று ஒன்றுக்குப் போய்க்கொண்டிருந்தான். ஊர்ச் சாக்கடையை எல்லாம் நிஜ ஆற்றுக்குள் விட்டுவிட்டு, சுவரில் நீலப் பெயிண்டை ஊற்றினால் ஆறு சுத்தமாகிவிடுமா?

அடுத்த சுவரில் நடவு நடும் பெண்கள். எல்லோரும் சினிமாக்காரிகள் மாதிரி வெள்ளைவெளேர் என்று இருந்தார்கள். ஒருத்தி முதுகை வளைக்காமல் நிமிர்ந்து நின்றபடி நாற்றை ஊன்றுகிறாள். அவளுக்குக் கை முழங்காலுக்குக் கீழே தொங்கவேண்டும். அதற்கு அடுத்து ஜல்லிக்கட்டு மாடு. எங்கள் பக்கத்தில் எவன் மாடு பிடித்தான்? மதுரைக்கு வரைந்த படம் மிஞ்சிப்போயிருக்கும், இங்கே கொண்டுவந்து ஒட்டிவிட்டார்கள்.

"நல்லாத்தானண்ணே இருக்கு. ரசிக்காம எல்லாத்தையும் திட்டிக்கிட்டே வார" என்றாள் தங்கை.

"மேலப்பாளையத்துல தறி போடுதவன் இருக்கான். அவனை ஒருத்தன் வரைஞ்சானா?"

"அவனை வரைஞ்சிருந்தா, தறியில கட்டை ஒண்ணு குறையுதும்பீங்க" என்றாள் மனைவி. தங்கை சிரித்துவிட்டாள். உண்மைதான். சொல்லியிருப்பேன்.

'பாரம்பரிய உணவுத் திடல்' என்று வளைவு போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே முதல் கடை மோமோ. இரண்டாவது கடை, தீயில் வாட்டிய மண்குவளையில் டீ. குவளை பொங்குவதை எல்லோரும் வீடியோ எடுத்தார்கள். குடித்தவன் ஒருவன் முகத்திலும் டீ குடித்த களை இல்லை. நானும் குடித்தேன். புகை நாற்றம். மூன்றாவது கடையில் வாழையிலைக்குள் வைத்துக் கட்டிய கிழி பரோட்டா. அது நன்றாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

அதைத் தின்றுகொண்டே பூங்காவுக்குள் போனோம். நாரை தெரிந்தது. மிச்சப் பரோட்டாவைத் தங்கை கையில் கொடுத்துவிட்டேன்.

சுற்றி ஒரே கூட்டம். போட்டோ எடுக்க வரிசையில் நிற்கிறார்கள். நின்ற காலை ஒருவன் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கிறான். தூக்கிய காலில் ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தையை அதன் தகப்பன் உட்காரவைத்து, ஊஞ்சல் மாதிரி ஆட்டுகிறார். அவர் ஆட்டும்போது மேலே நாரையின் அலகும் சேர்ந்து கொஞ்சம் அசைந்தது. அசையக்கூடாது. முழுசாகப் பற்றவைத்த இரும்பு அப்படி அசையாது.

அதற்கு நேர் கீழே, அலகின் நிழலில், ஒரு அம்மாள் அடுப்பு வைத்து உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தார். கருப்பட்டி வாசம் அடித்தது. கூட்டம் நாரைக்கு வருகிறது, அதனால் கடையும் நாரைக்குக் கீழே.

கிட்டே போய் முழங்காலைப் பார்த்தேன். பெயிண்டில் தலைமுடி கனத்தில் ஒரு கோடு. சுற்றிலும் ஓடியிருந்தது. கோட்டிலிருந்து துருத்தண்ணீர் வழிந்து காலில் காய்ந்திருந்தது. பார்க்கிறவர்களுக்கு அழுக்கு. எனக்கு அது என் கையெழுத்து.

"இறக்குங்க!" என்று கத்தினேன். "பிள்ளைய இறக்குங்க. எல்லாரும் தள்ளிப் போங்க."

தகப்பன் திரும்பிப் பார்த்தார். "யாருவே நீரு?"

"யாரா இருந்தா என்ன? மூட்டு விட்டிருக்கு. விழுந்துரும்."

"நாங்க ஒரு மணி நேரமா வரிசையில நிக்கோம். வரிசையில வாரும்வே. விழுந்துரும், எந்திச்சிரும்னு கத சொல்லிக்கிட்டு."

"கதையாவே? அந்தக் கோட்டைப் பாரும்."

"எந்தக் கோடு? காக்கா பீச்சுனதைக் காட்டுதீரு."

கூட்டம் சிரித்தது. என் தங்கை என் கையைப் பிடித்து இழுத்தாள். காவலாளி வந்தார், வயசானவர். "என்ன அண்ணாச்சி பிரச்சினை?" என்று கேட்டார்.

இங்கேதான் நான் செய்ததைச் சொல்லவேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அந்தச் சிற்பி சரியாச் செய்யல. முட்டுத்தகடு வைக்கணும், வைக்கல. அவருக்குப் போன் போட்டுக் கேளும்" என்றேன். பழியைத் தூக்கிச் சென்னைக்காரர் தலையில் போட்டேன். வாயில் அதுதான் முதலில் வந்தது.

காவலாளியிடம் சிற்பியின் நம்பர் இருந்தது. போட்டார். ஸ்பீக்கரில் வைத்தார். யாரோ ஒருவர் நாரை விழும் என்று ரகளை செய்வதாகச் சொன்னார். அந்தப் பக்கம் சிற்பி சிரித்தார்.

"விழுமா? ஐயா, அதைப் பத்தவச்சது பேட்டையில ஒரு மாஸ்டர். அவரு கை மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல. யானை ஏறி நின்னாலும் ஆடாது. கல்வெட்டுல அவர் பேரு விட்டுப்போச்சேன்னு எனக்கு இன்னும் மனசு உறுத்துது. எவனோ லூசு, விடுங்க."

"கேட்டீராவே?" என்றார் தகப்பன். குழந்தையை மறுபடியும் தூக்கி அந்தக் காலில் வைக்கப் போனார்.

எட்டு மாதமாக நான் கேட்க நினைத்த வார்த்தை அது. என் கையைப் பற்றி ஒருவன் நாலு பேருக்கு முன்னால் சொல்லமாட்டானா என்று பட்டறையில் தனியாகப் புலம்பியிருக்கிறேன். சொல்லிவிட்டார், ஸ்பீக்கரில், ஊரே கேட்க. எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

குழந்தையின் இடுப்பைப் பிடித்து இழுத்துக் கீழே விட்டேன். அவர் என் சட்டையைப் பிடித்தார்.

"அந்தப் பேட்டைக்காரன் நான்தான்வே" என்றேன். "அந்த மூட்டை நான் முழுசாப் பத்தவைக்கல. நாலு பொட்டு மட்டும் வச்சேன். மேல பூசி மறைச்சாச்சு."

சட்டையைப் பிடித்த கை அப்படியே நின்றது. "ஏன் பத்தவைக்கல?"

விழாவை முன்னால் இழுத்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். எட்டு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை? அதில் ஒரு நாள் பஸ் ஏறி வந்திருக்க முடியாதா?

"கல்வெட்டுல எம் பேரு போடல. அந்தக் கடுப்புல திரும்பி வரல."

தகப்பன் சட்டையை விட்டுவிட்டார். குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் மனைவி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுதத் தெரியவில்லை. களிக்கார அம்மாள் அகப்பையைச் சட்டிக்குள் விட்டுவிட்டு எழுந்தார்.

"எட்டு மாசமா இதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன்" என்றார். "காத்து அடிச்சா கிறீச்சு கிறீச்சுங்கும். பறவை கத்துதமாரியே செஞ்சிருக்கான் பாருன்னு வாரவங்ககிட்டப் பெருமையாச் சொல்லுவேன்."

அடுப்பை அணைத்தார். கொதிக்கிற சட்டியை முந்தானையால் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தார். தூரத்தில் புங்கமரத்தடியில் வைத்துவிட்டு, தன் கடைக்குப் பந்தல் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து என் காலடியில் போட்டார். "கட்டுங்க" என்றார். அவ்வளவுதான்.

நாரையின் கழுத்திலிருந்து வேப்பமரத்துக்கு ஒன்று, விளக்குக் கம்பத்துக்கு ஒன்று என்று இழுத்துக் கட்டினேன். பந்தல் கம்பு நான்கை முட்டுக்கொடுத்தேன். காவலாளி, "ஆபீஸ்ல எழுதிக் குடுத்து, லெட்டர் வாங்கிட்டு வாங்க அண்ணாச்சி. இன்னைக்கு லீவு. நாளைக்கு மீட்டிங்கு. செவ்வாக்கிழமை பாக்கலாம்" என்றார்.

"செவ்வாக்கிழமை வரைக்கும் நீரு தாங்கிப் பிடிப்பீராவே?"

அவர் நாரையை அண்ணாந்து பார்த்தார். "நான் டீ குடிக்கப் போறேன். வர நேரம் ஆகும். லைட்டு ரூம்ல கரண்டு இருக்கு, சாவி இந்தத் திண்டுல கெடக்கு. நான் ஒண்ணும் பாக்கல" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில் மூளை இருந்த ஒரே ஆள் அவர்தான்.

நான் லோடு ஆட்டோ பிடித்துப் பேட்டைக்குப் போய், சின்ன வெல்டிங் மிஷின், கிரைண்டர், தகடு எல்லாம் எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அதுவரை என் மனைவியும் தங்கையும் காவல் நின்றார்கள். நான் வரும்போது என் மனைவி ஒரு வாலிபக் கூட்டத்தோடு மல்லுக்கு நின்றாள்.

"ஒரே ஒரு செல்பி அக்கா."

"ஏலே, கயித்தைத் தாண்டுனா காலை ஒடிப்பேன். அப்புறம் நீயும் ஒத்தக்கால்ல நின்னு போட்டோ எடுத்துக்கிடலாம்."

அவளுக்கு என்மேல் இருந்த கோபமெல்லாம் அந்தப் பையன்கள்மேல் போய்க்கொண்டிருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

கிரைண்டரைப் போட்டுப் பட்டியைச் சுரண்டினேன். நான்கு பொட்டில் மூன்று விட்டுப்போயிருந்தது. நான்காவது பாதி பிளந்திருந்தது. உள்ளே செருகிய குழாயின் தயவில்தான் எட்டு மாதமும் நின்றிருக்கிறது. கூட்டத்தில் அந்தத் தகப்பன் போகாமல் நின்றுகொண்டிருந்தார். வந்து பாரும் என்று கூப்பிட்டேன். வந்தார், பார்த்தார், விரலால் அந்தப் பிளவைத் தொட்டார். போய்விட்டார்.

சுற்றிலும் இரண்டு தடவை பற்றவைத்தேன். பிறகு நான்கு முட்டுத்தகடு. அடியில், தரையில் பதித்த தகட்டோடு கால் சேரும் இடத்தில், இன்னும் நான்கு. தேய்த்து மழுப்பவில்லை, பட்டி பூசவில்லை. சிவப்பு பிரைமர் மட்டும் அடித்தேன். நாரைக்கு முழங்காலில் பிள்ளையார் கொழுக்கட்டை கட்டிவிட்ட மாதிரி இருந்தது. அசிங்கம்தான். கயிற்றை அவிழ்த்துவிட்டு நானே அந்தத் தூக்கிய காலில் ஏறித் தொங்கினேன். அலகு அசையவில்லை.

சொதிச் சாப்பாட்டைத் தங்கை பார்சல் வாங்கி வந்திருந்தாள். மணி நான்கு இருக்கும். புல்லில் உட்கார்ந்து தின்றோம். ஆறிப்போய்த் தேங்காய்ப்பால் மேலே திரைகட்டியிருந்தது, இஞ்சித் துவையல் மட்டும் உறைத்தது. மனைவி என் இலையில் சோற்றை வைத்துவிட்டு அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"நம்ம வீட்டு மாடிப்படிக் கைப்பிடி முழுசாப் பத்தவச்சதா?"

"முழுசாத்தான்."

"சத்தியமா?"

அவள் கேட்டது நியாயம். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் சிற்பி போன் போட்டார். யாரோ படம் அனுப்பியிருக்கிறார்கள். "என்ன மாஸ்டர், என் நாரையை இப்படி பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கத்தினார். நடந்ததைச் சொன்னேன். பிறகு, கல்வெட்டில் என் பெயரைச் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுக்கட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். "போனை வையும்வே" என்று நான் வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் போகிறேன். மூட்டைத் தட்டிப் பார்க்கிறேன். வெல்டிங் அப்படியே இருக்கிறது. கூட்டமும் பழையபடி நாரைக்குக் கீழே நிற்கிறது. களிக்கார அம்மாள் மட்டும் புங்கமரத்தடியிலேயே இருக்கிறார். அங்கே ஆள் அதிகம் வருவதில்லை. போன வாரம் பொறுக்கமுடியாமல் கேட்டேன்.

"பழைய இடத்துக்கே போங்களேன் அம்மா. அதுதான் சுத்திப் பத்தவச்சிட்டேனே. நீங்களே பாத்தீங்களே."

அவர் வாழையிலைத் துண்டில் களியை உருட்டி வைத்து, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி என்னிடம் நீட்டினார்.

"பாத்தேன் அண்ணாச்சி. பெயிண்டு அடிச்சு நின்னப்பவும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு" என்றார். "எனக்கு இங்கனயே இருக்கட்டும்."

நின்றுகொண்டே தின்றேன். நாரையின் நிழல் அவர் பழைய இடத்தில் விழுந்து கிடந்தது. அடுப்பு வைத்திருந்த கரி இன்னும் தரையில் இருந்தது.